பந்து சட்டைப்பையில், எந்திரம் செட்டில்

பழைய பொருளை டி.வி. படப்பிடிப்புக்கு இரவல் கொடுப்பது எளிது. கொடுத்த மாதிரியே திரும்பப் பெறுவதுதான் வித்தை. பின்பால் எந்திரம் அதற்கு நல்ல உதாரணம்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடந்தால், பத்மதீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் உச்சியில் தாடி வைத்த முகம் ஒன்று தெரியும். மேத்தன் மணி என்று பெயர். சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் (1829-1846) வைத்த கடிகாரம். மணியடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும். இருபுறமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். இடையிடையே நின்று போயிருக்கிறது, பிறகு யாராவது ஓடவைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு வந்த கூட்டம் தரிசனத்தை மறந்து இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கம்.

சினிமாக்காரர் யாருக்காவது மேத்தன் மணி வேண்டுமென்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்தான் கிழக்கேகோட்டைக்கு வரவேண்டும். மணி எங்கும் போகாது. கேமராவைத் தன்னிடம் வரவழைக்கும் பொருளுக்கு ஒரு கௌரவம் உண்டு, கூடவே ஒரு பாதுகாப்பும் உண்டு. கேமராவைத் தேடிப் போகும் பொருளுக்கு இந்த இரண்டும் கிடையாது. வேனில் ஏற்றலாம், இறக்கலாம், செட்டின் மூலையில் தள்ளலாம், மேலே டீ கிளாஸ் வைக்கலாம்.

பின்பால் எந்திரம் இந்த இரண்டாவது ஜாதி. நாலரை அடி நீளப் பெட்டி. பின்னால் படம் வரைந்த கண்ணாடியுடன் தலைப்பகுதி. நான்கு கால்கள், காலுக்கு இரண்டு போல்ட். போல்ட்டைக் கழற்றி, தலையை மடக்கியோ பிரித்தோ வைத்தால் சின்ன வேனில் அடங்கிவிடும். எடை மட்டும் நூறு கிலோவுக்கு மேல். இரண்டு பேர் தூக்குவதாகச் சொல்லி, நான்கு பேர் தூக்குவார்கள்.

நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் ஆணி அடித்த சாய்வுப் பலகை ஒன்று விற்பார்கள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் மோதி மோதி, பத்து, ஐம்பது, நூறு என்று எழுதிய வளையங்களில் ஒன்றில் விழும். அதன் பணக்காரப் பங்காளிதான் பின்பால். ஸ்பிரிங் வைத்த பலகைக்கு அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் காப்புரிமை வாங்கியது 1871இல். காசு போட்டு ஆடும் எந்திரமாக அது கடைகளை நிறைத்தது 1930களில், சிகாகோ கம்பெனிகளின் கைவண்ணத்தில். 1947இல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் மின்சாரத்தில் துடிக்கும் துடுப்புகள் வந்தன. விழும் பந்தை ஆடுபவர் தட்டி மேலே அனுப்ப முடிந்தது அதற்குப் பிறகுதான்.

எண்பதுகளே சரித்திரம்

இந்தியாவில் இந்த எந்திரம் என்றைக்குமே பரவலாக இருந்ததில்லை. பிறகு எதற்காக செட்டுக்கு அதைத் தேட வேண்டும்? நேற்றைய வாழ்க்கை இன்று சரித்திரப் படமாகிவிட்டதுதான் காரணம். சரித்திரக் கதை என்றால் ஒரு காலத்தில் அட்டைக் கிரீடமும் தகரக் கத்தியும். 2008இல் 'சுப்பிரமணியபுரம்' 1980ஆம் வருஷத்து மதுரையை எழுப்பிக் காட்டியது. 2024இல் வந்த 'மெய்யழகன்' 1996க்குப் போய் வந்தது. இப்போது எஸ்.டி.டி. பூத்தும் வீடியோ கேசட்டும் வீடியோ கேம் பார்லரும் காலம் காட்டும் பொருள்கள். கிரீடத்தைத் தச்சர் செய்துவிடுவார். 1978ஆம் வருஷத்து எந்திரத்தை யார் செய்வது? வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேரளத்தில் இந்தத் தேடல் அதிகம் நடந்த நகரங்களில் ஒன்று திருவனந்தபுரம். நேமத்தில் பி. சுப்ரமணியத்தின் மெரிலாண்ட் ஸ்டூடியோ 1951இலேயே வந்தாயிற்று. திருவல்லத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி. குடப்பனக்குன்றில் தூர்தர்ஷன். 1993இல் ஏஷியாநெட், 1998இல் சூர்யா டி.வி. என்று தனியார் சேனல்கள் வந்தபின் தினசரித் தொடர்கள் பெருகின. தொடர்களுக்கு ஸ்டூடியோ கட்டுப்படியாகாது. வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். வீட்டோடு கட்டில், ஊஞ்சல், அலமாரி, தாத்தாவின் சுவர்க்கடிகாரம் எல்லாம் தாமாகவே நடிக்க வந்துவிட்டன. அவற்றுக்குத் தனியாக வாடகை கேட்கத் தோன்றியவர்கள் குறைவு. பித்தளைப் பாத்திரம் வேண்டுமா, சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும்.

சென்னையில் இது முறையான தொழில். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் செட் பிராப்பர்ட்டி வாடகைக்கு விடும் கடைகளில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் கோர்ட் கூண்டும் மகாராஜா நாற்காலியும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நாள் வாடகை, முன்பணம், ரசீது. அங்கே இருப்பவை அடிபடுவதற்கென்றே பிறந்த பொருள்கள். ஒரு காலை உடைத்தால் இன்னொரு காலைப் பொருத்திவிடுவார்கள். கஷ்டம் கடையில் கிடைக்காத பொருளில்தான் வருகிறது. கடையில் இல்லாததை ஆர்ட் டைரக்டரின் உதவியாளர் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று விசாரித்து ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பார். கேட்கப்படுபவர் வியாபாரி இல்லை. ஆசைக்காக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பவர். டி.வி.யில் தன் எந்திரம் வரப்போகிறது என்றதும் வாடகை பேச மறந்துவிடுவார்.

இருபது வருஷம் முன்னால் பிறந்த எந்திரம்

பின்பால் எந்திரம் டி.வி.யில் நடித்ததற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் 1974 முதல் 1984 வரை ஓடிய 'ஹேப்பி டேஸ்' தொடர். கதை நடப்பது 1950களின் மில்வாக்கி நகரத்தில். இளவட்டங்கள் கூடும் ஆர்னால்ட்ஸ் சாப்பாட்டுக்கடையின் மூலையில் ஒரு பின்பால் நிற்கும். தோல் ஜாக்கெட் போட்ட ஃபான்ஸி அதில் ஆடுவார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

அந்த எந்திரத்தின் பெயர் 'நிப்-இட்'. பேலி கம்பெனி தயாரிப்பு. பந்தை லபக்கென்று கவ்வும் முதலை ஒன்று அதில் உண்டு. தயாரான வருஷம் 1973. கதாபாத்திரங்கள் ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து வரப்போகும் எந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் கணக்கில் சொன்னால், சுதந்திரப் போராட்டக் கதையில் கதர்ச் சட்டைக்காரர் டிரான்சிஸ்டரில் செய்தி கேட்பது மாதிரி.

பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உறைக்கவில்லை. எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அதில் நியாயம் இருக்கிறது. பொருளை வைத்திருப்பவரிடம் பொருள் மட்டும் இல்லை, அதன் ஜாதகமும் இருக்கிறது. எந்த வருஷம், யார் செய்தது, அப்போது என்ன காசு போட்டு ஆடினார்கள், எந்த மாதிரிக் கடையில் நின்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செட்டுக்குப் போவது பெட்டி மட்டும். ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. எண்பதுகளின் கேரள வீட்டு வரவேற்பறையில் கெல்ட்ரான் டி.வி. இருக்க வேண்டுமா, சென்னை வீட்டில் டயனோராவா, சாலிடேரா என்பதைப் பொருளைக் கொண்டுவந்து இறக்கியவரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு டீ.

பின்பாலில் காலப்பிழை நுழைய வாசல்கள் நிறைய. 1947க்கு முந்தைய கதையில் துடுப்புகள் இருக்கக்கூடாது. ஐம்பதுகளில் நடக்கும் நியூயார்க் கதையானால் கடையில் வெளிப்படையாக எந்திரமே இருக்கக்கூடாது. மேயர் லாகார்டியா 1942இல் பின்பாலை சூதாட்டம் என்று தடை செய்தார். போலீசார் ஆயிரக்கணக்கில் கைப்பற்றினார்கள், சம்மட்டியால் உடைத்தார்கள், உடைக்கும்போது மறக்காமல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். தடை 1976 வரை இருந்தது.

அது நீங்கிய விதத்தில் இரவல் எந்திரம் ஒன்றுக்கும் பங்கு உண்டு. அதிர்ஷ்டத்தால் ஆடுவது சூது, திறமையால் ஆடுவது விளையாட்டு என்பதே வழக்கு. பின்பால் பற்றி எழுதிவந்த ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் 1976 ஏப்ரலில் நகரசபைக் குழு முன்னால் ஆடிக் காட்ட வந்தார். தொழில்துறையினர் இரண்டு எந்திரங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதல் எந்திரத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கும் என்று சந்தேகப்பட்ட உறுப்பினர் ஒருவர், துணைக்கு வைத்திருந்த இரண்டாவதில் ஆடச் சொன்னார். ஷார்ப் ஸ்பிரிங்கை இழுத்து, பந்து நடுவழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி விட்டார். இறங்கியது. தடை போயிற்று. அந்த ஒரு அடி அதிர்ஷ்டம்தான் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வித்தையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நமக்கும் புதிதில்லை. 1867ஆம் வருஷத்து பொதுச் சூதாட்டச் சட்டமே திறமை விளையாட்டுக்கு விலக்கு கொடுத்தது. ரம்மி திறமை விளையாட்டுதான் என்று சுப்ரீம் கோர்ட் 1967இல் சொன்னது. வீடியோ கேம் பார்லர்களுக்குக் கர்நாடகம் லைசென்ஸ் கேட்கலாம் என்று 1995இல் சொன்னது. செட்டில் நிற்கும் எந்திரத்துக்கு இந்தக் கவலை இல்லை. காசு விழும் துளையை மூடிவிட்டால் அது வெறும் நாற்காலி மேஜை மாதிரி.

இரவல் கொடுத்தவருக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு 1975இல் வந்த 'டாமி' படம் பாடம். கண்ணும் காதும் வாயும் இயங்காத இளைஞன் பின்பால் வீரனாகும் கதை. படத்தில் கதாநாயகன் ஆடியது காட்லீப் கம்பெனியின் 'கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்', போட்டியாளராக வரும் எல்டன் ஜான் ஆடியது அதே கம்பெனியின் 'பக்கரூ'. இரண்டும் 1965ஆம் வருஷத்து எந்திரங்கள். படம் ஓடிய பிறகு லாபம் பார்த்தது போட்டிக் கம்பெனியான பேலி. படத்தின் பெயரைச் சொல்லி 1975இல் 'விசார்ட்', எல்டன் ஜான் படத்தைப் போட்டு 1976இல் 'கேப்டன் ஃபென்டாஸ்டிக்' என்று வெளியிட்டு, இரண்டாவதை மட்டும் 16,000க்கு மேல் விற்றது. நடித்த எந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், காசு பார்த்தவர் வேறொருவர்.

செட்டில் நடப்பது

இனி செட்டுக்குள் போகலாம். முதல் எதிரி மின்சாரம். அமெரிக்க எந்திரம் 110 முதல் 120 வோல்ட்டில் ஓடும். நம்முடையது 230. இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் செருகினால் எந்திரம் ஒரு முறை பிரகாசமாக எரிந்து ஓய்ந்துவிடும். செட் எலக்ட்ரீஷியன் நல்லவர்தான், ஆனால் அவருக்குத் தெரிந்தது விளக்குகள். டிரான்ஸ்ஃபார்மரை யாரோ ஒருவர் வேறு வேலைக்குக் கழற்றி எடுத்துப்போய்விட்டு, வயரை நேராகச் சுவரில் செருகும் சாத்தியம் எப்போதும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் அது வோல்ட்டைத்தான் மாற்றும். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. பழைய எந்திரத்தில் மதிப்பெண் கணக்கை நடத்தும் மோட்டார் இங்கே சற்று மெதுவாகச் சுற்றும். தெரிந்தவர் காதுக்கு மட்டும் எந்திரம் தூக்கக் கலக்கத்தில் ஆடுவது கேட்கும்.

இரண்டாவது எதிரி சவுண்ட் என்ஜினியர். எழுபதுகளுக்கு முந்தைய எந்திரம் கணினி இல்லாமல் வேலை செய்கிறது. உள்ளே மைல் கணக்கில் வயர் என்று சொல்லத் தோன்றும் அளவுக்குக் கம்பி, டஜன் கணக்கில் ரிலே, கம்பிச்சுருள் காந்தங்கள். பந்து ஒவ்வொரு முறை மோதும்போதும் டக், டங், டிணிங். அதன் நடுவே கதாநாயகி காதலைச் சொன்னால் மைக்கில் விழாது. அதனால் முதல் உத்தரவு, அதை ஆஃப் பண்ணு. ஆஃப் பண்ணினால் விளக்குகளும் அணைந்து எந்திரம் சவப்பெட்டி மாதிரி ஆகிவிடும். கேமராமேன் கத்துவார், லைட் வேணும். ஆன் பண்ணினால் சவுண்ட் என்ஜினியர் கத்துவார்.

இதற்கு வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. விளக்குகளுக்கு ஒரு ஃபியூஸ், காந்தச் சுருள்களுக்கு வேறு ஃபியூஸ். சுருள் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டால் எந்திரம் ஊமையாகி, விளக்குகள் மட்டும் ஜொலிக்கும். சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் எந்திரத்தின் சொந்தக்காரர். அவர் அநேகமாக கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பார்.

மேல் கண்ணாடி இன்னொரு தொல்லை. சாய்ந்த பெரிய கண்ணாடி, செட் விளக்குகள் எல்லாம் அதில் தெரியும். கேமராவே தெரியும். கழற்றிவிடுவார்கள். கழற்றிய கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள், யாராவது ஒருவர் காலால் தட்டுவார். கண்ணாடி போனால்கூட வாங்கிவிடலாம். திறந்து கிடக்கும் ஆட்டப் பலகையில் தூசி, பவுடர், சிகரெட் சாம்பல் விழுந்து, அதன்மேல் எண்பது கிராம் எஃகுப் பந்து உருண்டால் வர்ணம் உப்புத்தாள் தேய்த்த மாதிரி போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது தலைப்பகுதியின் பின்கண்ணாடிக்கு. கண்ணாடியின் பின்பக்கம் வர்ணம் பூசி அச்சிட்ட படம் அது. குதிரை வீரர்களும் ராணிகளும் ஜொலிப்பது அதில்தான். வெப்பத்திலும் ஈரத்திலும் வர்ணம் செதில் செதிலாக உரியும். உரிந்தால் உரிந்ததுதான். புதிதாக அச்சடித்து மாட்டலாம், ஆனால் அது வேறு கண்ணாடி. திருவனந்தபுரத்தில் இரண்டு மழைக்காலம், நடுவே கடற்காற்று. ப்ளைவுட் பெட்டி ஊதும், ரிலே முனைகள் பச்சை பூக்கும். இந்த ஊரில் ஒரு பழைய எந்திரத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதே பெரிய காரியம். அதை ஒரு நாள் முழுக்க செட் விளக்கின் சூட்டில் நிறுத்தி, ராத்திரி தார்ப்பாய் மூடிய வேனில் மழையில் அனுப்பினால், பத்து வருஷத்துத் தேய்மானம் ஒரே நாளில் சேர்ந்துவிடும்.

கன்டினியூட்டி பார்ப்பவருக்கும் பின்பால் தனித் தலைவலி. பழைய எந்திரத்தில் மதிப்பெண் உருளைகளில் நிற்கும். முதல் ஷாட்டில் 2,340. சாப்பாட்டு இடைவேளையில் லைட்பாய் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டார். இப்போது 18,710. பழைய எண்ணுக்குப் போக பொத்தான் கிடையாது. தலையைத் திறந்து உருளைகளைக் கையால் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். திறக்கும்போது கழற்றியாக வேண்டியது எது? அதே பின்கண்ணாடி.

இதையெல்லாம் சொன்னால் தயாரிப்பு நிர்வாகிகளுக்கு அலுப்பாக இருக்கும். ஒரு மூலையில் நாலு செகண்ட் தெரியப்போகிற பெட்டிக்கு இத்தனை சடங்கா?

சடங்கு தெரிந்த ஊர்

சடங்குக்குப் பஞ்சமில்லாத ஊர் கிழக்கேகோட்டை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு மூன்று விக்கிரகங்கள் இங்கே வருகின்றன. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. தெய்வத்தை எந்திரத்தோடு சேர்த்துப் பேசுவது முறையில்லை. ஆனால் விலைமதிப்பில்லாத ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவைக்கும் முறையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மாறி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் இது இரண்டு அரசுகளின் விஷயமாகிவிட்டது. புறப்படும் முன் பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும். யானை மீது சரஸ்வதி. முதல் ராத்திரி குழித்துறையில், இரண்டாவது ராத்திரி நெய்யாற்றின்கரையில் தங்கல். களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலத்து அதிகாரிகள் ஒப்படைக்க, அடுத்த மாநிலத்து அதிகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு போலீஸ் படைகளின் மரியாதை. மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கிழக்கேகோட்டை. சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்கு செந்திட்டை என்று இறங்கும் இடம்கூட முன்கூட்டியே தீர்மானமானது. பூஜை முடிந்தபின் அதே பாதையில் திரும்புதல். எங்கிருந்து கிளம்பியது, யார் கையில் கொடுத்தது, எங்கே தங்கியது, எப்போது திரும்பும் என்ற நான்கு கேள்விக்கும் வழியில் நிற்கும் எந்தப் போலீஸ்காரரும் பதில் சொல்வார்.

பத்மநாபபுரம் அரண்மனையே ஒரு விசித்திர ஏற்பாடு. நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1993இல் ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' படத்தின் சில காட்சிகளை எடுக்க யூனிட்தான் அங்கே போனது. அரண்மனை ஸ்டூடியோவுக்கு வரவில்லை. மேத்தன் மணி கட்சி.

அரசாங்கங்களிடம் பொருளை வாங்கும்போது சினிமாக்காரர்கள் ஒழுங்காகவே நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலில் படமெடுக்க ரயில்வேயின் மக்கள் தொடர்பு அதிகாரியிடம் மனு, கட்டணம், முன்வைப்புத் தொகை, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. கேரள அரசு பஸ்ஸும் வாடகைக்கு வந்து நடித்துவிட்டுப் போகும். கடுதாசி கேட்கிறார்கள், அதனால் கடுதாசி கொடுக்கிறார்கள். தனி மனிதர் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களோ என்று கூச்சம்.

கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் படங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் பழக்கம் தொண்ணூறுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது, 'தாள்' (1999) படத்தோடு பேச்சாகவும் ஆனது. செட், உடை, பிராப்பர்ட்டி எல்லாம் அந்தப் பாலிசியில் சேர்க்கக்கூடியவையே. ஆனால் பட்டியலில் மதிப்பு எழுதியிருக்க வேண்டும். 'பழைய கேம் எந்திரம் ஒன்று' என்று எழுதினால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். இதற்கு முன்பே இரண்டு தரப்பும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது. பின்கண்ணாடியை நான்கு மூலையிலும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, வாங்கிப்போகிறவரின் கையெழுத்தையும் அதில் வாங்கிவிடலாம். செல்போன் காலத்தில் இது ஐந்து நிமிஷ வேலை.

வாடகைக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. படப்பிடிப்பு ஒரு நாள் என்பார்கள். முந்தின நாள் ஏற்றிப்போய், மழையால் ஷாட் தள்ளிப்போய், கதாநாயகன் கால்ஷீட் கிடைக்காமல் மறுபடி தள்ளிப்போய், எந்திரம் பத்து நாள் கழித்து வரும். வீட்டு வாசலைத் தாண்டிய நாளிலிருந்து திரும்ப வாசலைத் தாண்டும் நாள் வரை என்று எழுதிக்கொண்டவர் மட்டும் தப்பித்தார். டைட்டிலில் நன்றி போடுவதாகச் சொல்வதை நம்பி வாடகையைக் குறைப்பது அவரவர் இஷ்டம். தினசரித் தொடரில் டைட்டில் ஓடும் வேகத்தில் சொந்தப் பெயரைப் படிக்கவே பயிற்சி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டியது ஒரு நாற்காலி. எந்திரத்தோடு அதன் ஆளும் செட்டுக்கு வருவார், அவருக்கு மானிட்டருக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார இடம் வேண்டும். சாப்பாடும் பேட்டாவும் கம்பெனியுடையது. குதிரை வந்தால் குதிரைக்காரர் வருகிறார், பாம்பு வந்தால் பாம்பு பிடிப்பவர் வருகிறார். யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஃபியூஸைப் பிடுங்க, உருளையைத் திருப்ப, பின்கண்ணாடியை இரண்டு கையாலும் எடுக்க, 'இது 1973, கதை 1955' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் கம்பெனிக்குத்தான் நேரம் மிச்சம்.

பந்து விஷயம் மட்டும் எந்திரக்காரர்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேனில் ஏற்றும் முன் பந்தை வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளேயே விட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த எஃகுக் குண்டு துள்ளி, விளக்குகளையும் பிளாஸ்டிக்கையும் நொறுக்கும். எடுத்த பந்தை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செட்டில் எந்திரத்தைப் பொருத்தியபின்னும் வெளியே எடுக்காமல் இருக்க வேண்டும். விளக்கு எரியும், படம் ஜொலிக்கும், கேமராவுக்கு அதுவே போதும். சாப்பாட்டு இடைவேளையில் லைட்பாய் வந்து ஸ்பிரிங்கை இழுத்துப் பார்ப்பார். ஒன்றும் வராது. டைரக்டர் ஆடும் ஷாட் வைக்கிறேன் என்றால் உதவியாளர் தேடிக்கொண்டு வருவார். அப்போது கொடுத்தால் போதும், 'கட்' சொன்னதும் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.